பதினான்கரைக் கிலோ

பயணத்தின் பத்தொன்பதாம் நாள் காலை, அவள் முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்த ஏழு நிமிடத்துக்குள், அவன் தன் மனைவியின் சைக்கிள் பைகளிலிருந்து ஐந்து கிலோவைத் திருடினான்.

திருடினான் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். எடுத்ததை அவன் எங்கும் கொண்டுபோய் விற்கப் போவதில்லை. அவள் பைகளிலிருந்து தன் பைகளுக்கு மாற்றினான், அவ்வளவே. கூடாரத் துணி, சங்கிலிப் பூட்டு, அடுப்பு, எண்ணெய்க் குப்பி, சமையல் பாத்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தவுடனேயே அதன் எடை அவனுக்குத் தெரிந்தது. துணி இரண்டு கிலோ இருநூறு. பூட்டு தொள்ளாயிரத்து ஐம்பது. பதினேழு வருடமாகத் தராசு பழுது பார்த்த கை அது. ஐந்து கிலோ வந்ததும் நிறுத்திக்கொண்டான். பைகள் தொளதொளவென்று தொங்கினால் காட்டிக் கொடுத்துவிடுமே என்று, காற்றடைக்கும் தலையணைகள் இரண்டையும் கன்னம் வலிக்க வாயால் ஊதி, காலியான இடத்தில் திணித்து மூடினான்.

"என்ன, மூஞ்சி செவந்து கெடக்கு?" என்றாள் அவள், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து.

"குளிருது."

"குளிர்ல மூஞ்சி வெளுக்கும். உனக்கு எல்லாமே தலைகீழ்."

அவர்கள் தங்கியிருந்தது மலையடிவாரத்தில், சாலை வேலைக்காரர்கள் சாமான் போட்டு வைக்கும் தகரக் கொட்டகையில். வெளியே வந்தால் மலை முகத்துக்கு நேரே நின்றது. உச்சி வரை இருபத்து மூன்று கிலோமீட்டர். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சமதளம் கிடையாது என்று முந்தின நாள் பார்த்த எல்லாரும் சொல்லி வைத்தாற்போலச் சொன்னார்கள்.

இந்தப் பயணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அவள் பை அவளுடையது, அவன் பை அவனுடையது. கிளம்பும் முன் அவனுடைய பட்டறையிலேயே, முத்திரை போட்ட நல்ல தராசில் இருவர் சுமையையும் எடை போட்டார்கள். அவளுடையது பதினான்கரைக் கிலோ. அவனுடையது பதினாறு. கூடாரம் ஒன்றே ஒன்று என்பதால் துணி அவள் பங்கு, கம்பிகள் அவன் பங்கு. அவள் அதைத் தன் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் நாற்பது மடிப்புத் துணியை ஒரே வீச்சில் வெட்டுகிறவள் அவள். கோடு போட்டுவிட்டால் கத்திரி அந்தக் கோட்டில்தான் போகும்.

பதினொரு மாதத்துக்கு முன் அவர்களுடைய குழந்தை ஆறாம் மாதத்திலேயே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அதன் பிறகு அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். பேச்சு மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போயிற்று. பிறகு நான்கு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் நான்கு மாதம் வரவில்லை. அவனும் போய்க் கூப்பிட்டான். அக்கா காப்பி கொடுத்தாள், அக்கா வீட்டுக்காரர் அரசியல் பேசினார், அவள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவளே பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சைக்கிள்ல போலாம்னு பேசி வச்சமே, அந்த மலைப் பாதை. நான் போகப் போறேன். நீயும் வர்றதா இருந்தா வா."

"வரேன். அப்புறம் வீட்டுக்கு வருவியா?"

"இந்த உடம்பு என்னை ஒரு தடவை கைவிட்டுடுச்சு. அதுமேல எனக்கு நம்பிக்கையே இல்ல. காலைல எந்திரிச்சா யாரோ ஒருத்தி உடம்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு. அந்தக் கடைசி மலை இருக்கில்ல, அதை என் சுமையோட நானே ஏறிட்டேன்னா நம்பிக்கை வரும். அப்ப வீட்டுக்கு வரேன். முடியலைன்னா எனக்கே நான் பாரம். உனக்கு எதுக்கு?"

அந்தக் கடைசி மலைதான் இன்று.

பதினெட்டு நாளும் அவள் சுமையை அவள்தான் சுமந்தாள். ஆனால் நேற்று, இதில் பாதிகூட இல்லாத ஒரு மேட்டில், பெடல் மிதிக்க முடியாமல் இறங்கிவிட்டாள். மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவன் பக்கத்தில் படுத்துக் கணக்குப் போட்டான். இத்தனை கிலோ, இத்தனை உயரம், இந்தக் கால். எப்படிப் போட்டாலும் விடை வரவில்லை. ஐந்து கிலோவைக் கழித்தால் வந்தது.

அதனால் கழித்தான்.

ஆறரைக்குக் கிளம்பினார்கள். முதல் வளைவு தாண்டும்வரை அவள் எதுவும் பேசவில்லை. இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவதில் சிரித்தாள்.

"ஏய், இன்னிக்கு வண்டி பூ மாதிரி போகுது!"

"அப்படியா?"

"என்ன அப்படியா? நேத்து செத்து சுண்ணாம்பானேன். இன்னிக்கு என்ன ஆச்சு இந்தக் காலுக்கு?"

"பழகியிருக்கும்."

"பழகியிருக்கும்ல?" அதை அவள் ஒரு கேள்வியாகக் கேட்கவில்லை. வாயில் போட்டுக்கொண்ட மிட்டாயைப் போல, அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே அடுத்த வளைவில் மறைந்தாள்.

அவன் நிலைமை வேறு. இருபத்தொரு கிலோவும் வண்டியைப் பின்னால் பிடித்து இழுத்தன. கியரைக் கடைசிவரை இறக்கியும் செயின் முனகியது. ஆனாலும் அவனுக்கு அந்த நேரத்தில் வருத்தம் ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கே தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்தான்.

ஒன்பதாம் கிலோமீட்டரில் மண் சரிந்து பாதி ரோடு போயிருந்தது. மீதிப் பாதியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வண்டிகளை மாற்றி மாற்றி விட, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக ஒருவர் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். சிவப்பைக் காட்டினார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லை.

"யாரும் வரலையேண்ணே," என்றாள் அவள்.

"வரலைதான். நானும் காலைலேர்ந்து பேச ஆள் இல்லாம உக்காந்திருக்கேன். ரெண்டு நிமிஷம் நின்னாத்தான் என்ன? எங்கேர்ந்து வர்றீங்க?"

"கீழேர்ந்து."

"கீழேர்ந்துதான் எல்லாரும் வர்றாங்க. ஆனா லாரியில வர்றாங்க." இரண்டு வண்டிகளையும் சுற்றி வந்து பார்த்தார். "தங்கச்சி வண்டி காத்து மாதிரி வந்துச்சு. தம்பி வண்டிக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குது? வீட்டுச் சாமான் பூராத்தையும் உன் தலையில கட்டிட்டாங்களா தம்பி?"

அவன் குனிந்து செயினைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதெல்லாம் இல்லண்ணே. எங்கள்ல அவங்கவங்க பாரம் அவங்கவங்களுக்கு. இவருக்கு வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல."

"உன் சுமை எவ்வளவும்மா?"

"பதினாலரைக் கிலோ."

"அடேயப்பா!" என்றார் கொடிக்காரர். எழுந்து நின்று, ஒரு மந்திரிக்குக் காட்டுவதுபோலப் பச்சைக் கொடியை நீட்டிக் காட்டினார்.

பதினான்காம் கிலோமீட்டரில், பாறையிலிருந்து நீர் வடியும் இடத்தில் நின்று ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவள் ஹேண்டிலில் மாட்டியிருந்த சின்னப் பையில்தான் சாப்பாடு இருந்தது என்பதால் பெரிய பைகளைத் திறக்க வேண்டி வரவில்லை. அதையும் அவன் காலையிலேயே யோசித்து வைத்திருந்தான். சாயங்காலம் கூடாரம் போடும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, அவள் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்பதும் யோசித்ததுதான்.

அவள் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தச் சின்ன ரூமுக்கு வெள்ளை அடிக்கணும்."

பூட்டியே கிடந்த அறை அது. தொட்டில் மாட்டக் கூரையில் அவன் போட்ட கொக்கி இன்னும் இருந்தது.

"அடிச்சிடலாம்," என்றான்.

"தையல் மெஷினை அங்க கொண்டு போட்டுடலாம்னு நெனச்சேன். அப்புறம் வேணாம்னு தோணுது. சும்மா வெள்ளை அடிச்சு, ஜன்னலைத் திறந்து வச்சா போதும். என்ன இப்ப அவசரம்? பாத்துக்கலாம்." அவள் உப்பைத் தொட்டுக்கொண்டாள். "நீ என்ன சொல்ற?"

பதினொரு மாதத்தில் 'நீ என்ன சொல்ற' என்று அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது, சுமையை இப்போதே திருப்பிக் கொடுத்தால்கூட அந்த ஒன்பது கிலோமீட்டராவது அவளுடையதாகும். ஆனால் அவள் முகம் அத்தனை வெளிச்சமாக இருந்தது. நெற்றியில் உப்புப் பூத்து, மூக்கு நுனி சிவந்து, அவனுக்கு முதன்முதலில் பழக்கமான அந்தப் பெண் எங்கேயோ போயிருந்துவிட்டுத் திரும்பி வந்தவள்போல எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றாள்.

"தண்ணி வேணுமா?"

"அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் வாயைத் திறந்து வச்சிருந்த? ஈ போயிருக்கும்."

கடைசி ஐந்து கிலோமீட்டர் கொடூரம். ஐந்து கிலோ குறைந்திருந்தும் அவளுக்கே கொடூரம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். தலையைக் குனிந்து, தோளை இடமும் வலமும் வீசி வீசி மிதித்தாள். ஒரு வளைவில் வண்டி நின்றேவிட்டது. இறங்கிவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் காலை ஊன்றி, மூன்று முறை மூச்சை இழுத்து விட்டு, யாரையோ திட்டிவிட்டு மறுபடி ஏறினாள். பின்னால் வந்த அவனுக்கு அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சந்தேகம் வந்தது. இவள் முழுச் சுமையோடும் ஏறியிருப்பாளோ? தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் பத்தொன்பது நாள் மிதித்து வந்தாள்.

அவன் உச்சியைத் தொடும்போது மணி இரண்டேகால். அவள் ஏற்கெனவே அங்கே வண்டியைச் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றாள்.

"வாடா படிக்கல்லு!"

கல்யாணமான புதிதில் அவள் வைத்த பெயர் அது. தராசுக்காரன், அதோடு உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறவன், அதனால் படிக்கல்லு, தராசுத் தட்டில் வைக்கிற எடைக்கல். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். அவள் ஓடிவந்து, வியர்வை ஒழுகும் கழுத்தோடு அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அது சந்தோஷ அழுகை. அவன் கையை அவள் முதுகில் வைக்கலாமா என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

உச்சியில் ஒரே ஒரு கடை. வாசலில் உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட கடைக்காரம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

"சைக்கிள்லயா வந்தே? இத்தனை தூரமா? எங்க வீட்டுக்காரரு கட்டில்லேர்ந்து எறங்கி வர்றதுக்கே அரை நாளாகுது."

"நீங்க கூப்பிடற விதத்துல கூப்பிட்டா வரமாட்டாரா?" என்றாள் அவள்.

"எந்த விதத்துல கூப்பிட்டாலும் அந்தாளு வரமாட்டாரு. சோறுன்னு கூப்பிட்டா வருவாரு." இருவரும் நெடுநாள் பழகியவர்கள்போலச் சிரித்தார்கள். அப்போது அவள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். வட்ட முகமும் நீள முள்ளுமாக, மூட்டை போடுகிற மேடைத் தராசு.

"அக்கா, இந்தத் தராசு ஓடுதா?"

"ஓடாம? வாரா வாரம் இதுல மூட்டை போடறேன்."

"என் பையை ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

"அதான் பட்டறையிலயே போட்டாச்சே," என்றான். "பதினாலரை."

"அது கீழ போட்டது. மேல கொண்டு வந்து போட்டேன்னு நோட்டுல எழுதணும்."

"நேரமாகுது. எறங்கணும்ல?"

"தராசைக் கண்டா ஓடிப்போய்த் தொட்டுப் பாக்கறவன், இன்னிக்கு என்ன உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே அவள் நான்கு பைகளையும் கழற்றி, கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பாரேன், பையே லேசா தெரியுது. கைகூடப் பலமாயிடுச்சு."

பைகளை மேடையில் வைத்தாள். முள் ஆடியது. ஆடி ஆடி ஒன்பதரையில் வந்து நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. "தராசு தப்பு."

"எது தப்பு?" கடைக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது. "இந்த மலையில எத்தனை பேர் இந்தத் தராசை நம்பி மூட்டை தூக்கிட்டு வர்றாங்க தெரியுமா? ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"கோவிச்சுக்காதீங்கக்கா. தப்பா இருந்தா இவரு இங்கயே சரி பண்ணிக் கொடுத்துடுவாரு. இவரு வேலையே அதுதான். இவரு கை வச்ச தராசுல ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது. எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க." அவனைப் பார்த்துத் திரும்பினாள். "பாத்துச் சொல்லேன்."

வெளியாள் முன்னால் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அவள் சொல்லி எவ்வளவோ நாளாகிறது. அவன் தராசின் முன் மண்டியிட்டான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பைகளை இறக்கினான். மேடைக்கு அடியில் சிக்கியிருந்த மண்ணை விரலால் வழித்தான். நான்கு காலும் தரையில் அழுந்த நிற்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்தான். முள் பூஜ்யத்தில் நின்றது. "ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பத்து இருக்குமாக்கா?" என்று கேட்டு வாங்கி அடுக்கினான். முள் பத்தில் நின்றது. தலைமுடி அளவு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. பாழ்பட்ட மலை உச்சியில், வெயிலிலும் பனியிலும் கிடந்த அந்தத் தராசு, அவன் இதுவரை பார்த்ததிலேயே நேர்மையான தராசாக இருந்தது.

ஆமாம், தப்பு என்று சொன்னால் போதும். கடைக்காரம்மா நாலு வார்த்தை திட்டுவார், திட்டிவிட்டுப் போகட்டும். அவள் நோட்டில் பதினான்கரை என்று எழுதுவாள். மலை இறங்குவார்கள், ஊருக்குப் போவார்கள், அறைக்கு வெள்ளை அடிப்பார்கள். இத்தனையையும் அவன் மண்டியிட்டபடி யோசித்தான் என்று சொல்ல முடியாது. அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். கண் முன்னால் நிற்கிற முள்ளை நம்பாமல் அவள் தன்னை நம்புகிறாள்.

"தராசு சரியா இருக்கு," என்றான்.

"என்ன சரியா இருக்கு? ஒன்பதரை காட்டுது."

"ஒன்பதரைதான்."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் ஒரு நிமிடம் அவன் உச்சந்தலையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு உட்கார்ந்து, பின்பக்கத்துப் பையின் வாயைத் திறந்தாள். நீலத் தலையணை ஒன்று புஸ்ஸென்று வெளியே எம்பி வந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். அடுத்த பையைத் திறந்தாள். அதில் இன்னொன்று. கடைக்காரம்மா எதையோ புரிந்துகொண்டவராக, டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எப்போ?" என்றாள்.

"காலைல. நீ மூஞ்சி கழுவப் போனப்போ."

"எல்லாம் உன் பையில இருக்கா?"

"ம்."

"அந்தக் கொடிக்காரர்கிட்ட நான் பதினாலரைன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

அவன் மேடையிலிருந்த உப்புப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான்.

"வெள்ளை அடிக்கணும்னு சொன்னப்ப?"

"நேத்து உன்னால முடியல. நீ தோத்துப் போயிடக் கூடாதுன்னுதான்..."

"தோத்துப் போயிருந்தா நான் தோத்துப் போயிருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். "அன்னிக்கும் இப்படித்தான். கண்ணு முழிச்சுப் பாக்கறேன், எல்லாம் முடிஞ்சு போச்சுங்கறாங்க. குழந்தையைக் காட்டுங்கன்னு கேட்டா, நர்ஸம்மா உன் மூஞ்சியைப் பாக்கறா. நீ வேணாம்னு தலையை ஆட்டின. இப்படி. அது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"நீ தாங்க மாட்டேன்னு..."

"நான் எதைத் தாங்குவேன்னு நிறுத்துப் பாக்கற வேலையை உனக்கு யாரு கொடுத்தா?"

மூட்டைகளுக்கு மேல் காற்று அடித்துக்கொண்டு போயிற்று. அவள் தலையணையின் மூடியைத் திருகிக் காற்றை இறக்கினாள். மெல்ல மடித்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ தூக்கினியா?"

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. "தூக்கினேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க வந்து வாங்கிக்கற வரைக்கும்."

"எவ்வளவு இருந்துச்சு?"

அவள் கேட்டது நேரத்தை அல்ல என்று அவனுக்குப் புரிந்தது. புரியாததுபோல நடித்துப் பார்க்க முடியுமா என்று ஒரு கணம் நினைத்தான். "அறுநூத்து நாப்பது," என்றான். "தராசுல போடல. கையிலதான். ஆனா தப்பா இருக்காது."

அவள் எழுந்து கடைக்குள் போனாள். அவன் வாசலிலிருந்தே பார்த்தான். "அக்கா, அறுநூத்து நாப்பது கிராம் சர்க்கரை போடுங்க" என்றாள். கடைக்காரம்மா ஏன் அரைக் கிலோவாகவோ முக்கால் கிலோவாகவோ வாங்கக் கூடாது என்று கேட்கவில்லை. மேசைத் தராசில் காகிதப் பையை வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடைசியில் விரலால் ஒரு சிட்டிகை எடுத்துக் குறைத்து நீட்டினார்.

அவள் அதை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கினாள். பிறகு வலது முழங்கையின் மடிப்பில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து, வெயில் விழும் சுவரோரமாக நின்றாள். அழவில்லை. தாலாட்டவுமில்லை. எடையை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றாள். அவன் அருகே போக ஓரடி வைத்தான். அவள் தலையை அசைத்தாள். அன்று ஆஸ்பத்திரியில் அவன் அசைத்தானே, அதே அளவு.

வெகுநேரம் கழித்து உள்ளே போய்ச் சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரம்மா அதைப் பழைய டப்பாவில் கொட்டாமல் தனியாக எடுத்து வைத்தார்.

பிறகு அவள் அவன் பைகளைத் திறந்தாள். கூடாரத் துணி, பூட்டு, அடுப்பு, குப்பி, பாத்திரங்கள். ஒவ்வொன்றாகத் தன் பையில் வைத்தாள். கடைசியில் பைகளை மறுபடி மேடையில் ஏற்றிப் பார்த்தாள். பதினான்கரை. நோட்டை எடுத்தாள், எழுதாமலேயே மூடினாள். வண்டியில் பைகளை மாட்டி, வந்த வழியைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள்.

"எங்க போற?"

"கீழ. அந்தக் கொட்டகைக்கு. நாளைக்குக் காலைல ஏறி வருவேன்."

"நானும்..."

"நீ இங்க இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் எறங்கி ஊருக்குப் போயிடு. நான் மேல வந்து நிக்கும்போது உன்னைப் பாத்தேன்னா, நான் ஏறினேனா நீ ஏத்தினியான்னு மறுபடியும் தெரியாமப் போயிடும்."

அவன் தன் பையிலிருந்து கூடாரக் கம்பிகளை உருவினான். "இதையாவது எடுத்துக்கோ. கம்பி இல்லாமத் துணியை வச்சு என்ன பண்ணுவ?"

"அது உன் எடை. நீ வச்சுக்கோ."

"ஏறிட்டேன்னா வீட்டுக்கு வருவியா?" கேட்டிருக்கக் கூடாது என்று கேட்கும்போதே தெரிந்தது.

அவள் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டாள். முதல் தடவை கொக்கி விழவில்லை. இரண்டாம் தடவை விழுந்தது. "இல்லப்பா. ஏறினாலும் வரமாட்டேன். இதையே காலைல கேட்டிருந்தீன்னா வரேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அக்காவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடட்டுமா?"

"எனக்காக நீ யாருகிட்டயும் எதுவும் சொல்லாத. எதுவும் செய்யாத. அது ஒண்ணு போதும்." பெடலில் கால் வைத்தாள். அவ்வளவு சுமையோடு திடீரென்று இறங்கும்போது வண்டி ஒரு முறை தடுமாறியது. அவன் கை தானாக நீண்டது. அவள் பிரேக்கைப் பிடித்து நேராக்கிக்கொண்டு போனாள். முதல் வளைவு, இரண்டாம் வளைவு, அதற்கு அப்புறம் மலை மறைத்துக்கொண்டது.

கடைக்காரம்மா வெளியே வந்து நின்றார். "இன்னொரு டீ குடிக்கிறியா தம்பி?"

"வேணாங்கா."

"தராசு சரிதான?"

"சரிதாங்கா. ரொம்ப நல்ல தராசு."

மறுபக்கம் இறக்கம் இருபது கிலோமீட்டர். காலையில் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள், யார் முதலில் கீழே போய்ச் சேருவது என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பிரேக்கை விட்டான். வண்டி உருண்டது. பத்தடி போனதும் பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டான். உட்கார்ந்து போக முடியவில்லை. அது ஏன் என்று அவனைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்பான். கீழிருந்து ஏறி வந்த லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னலில் கையை ஊன்றித் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, ஏத்தத்துல தள்ளிட்டுப் போறவனைப் பாத்திருக்கேன். இறக்கத்துல தள்றவனை இப்பத்தான் பாக்கறேன். வண்டி பஞ்சரா?"

"இல்லண்ணே."

"பிரேக் போச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன கேடு? ஏறி உக்காரு, அதுவா ஓடும்."

"பின்னாடி எங்க வீட்ல வர்றாங்க," என்றான். "அதான் மெதுவா போறேன்."

ஓட்டுநர் மேலே பார்த்தார். உச்சி வரைக்கும் ரோடு தெரிந்தது, அதில் ஒரு காக்கைகூட இல்லை.

"யாரையும் காணோமே."

"சுமை ஜாஸ்திண்ணே அவளுக்கு," என்றான் அவன். "மெதுவாத்தான் வருவா."